பனடோலும் பதினெட்டும்

ஆஸ்பத்திரியில் வேலை என்று சொன்னால் டாக்டரா, நர்ஸா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்றதும் கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். நான் கம்ப்யூட்டர்காரி. மதுரையில் படித்து, மெல்பர்னுக்கு மேல்படிப்புக்கு வந்து, அப்படியே தங்கிப்போன ஆயிரம் பேரில் ஒருத்தி. இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் செப்சிஸ் அலர்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் மூன்று வருடம் என் பிழைப்பாக இருந்தது.

செப்சிஸ் என்றால் என்ன என்று என் அம்மா போனில் கேட்டபோது, "கிருமி உள்ள புகுந்துரும்மா, அதை அடிக்கிறேன்னு உடம்பு தன்னையே அடிச்சுக்கும்" என்றேன். அதைவிடச் சரியாக எந்த டாக்டர் சொல்லியும் நான் கேட்டதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து ஏற்றினால் பிழைக்கலாம். தாமதித்தால் கஷ்டம். அதனால்தான் அந்த அலர்ட். நர்ஸ்கள் கம்ப்யூட்டரில் பதியும் காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம், அதோடு லேபில் இருந்து வரும் இரத்தப் பரிசோதனை, இவற்றில் ஏதாவது இரண்டு எல்லை தாண்டினால் நோயாளியின் பெயர் திரையில் சிவப்பாகும். நர்ஸின் கையிலிருக்கும் போன் கத்தும். டாக்டர் ஓடிவர வேண்டும்.

கத்த வேண்டாத நேரத்திலும் அது கத்தும். புலி வருது, புலி வருது என்ற கதைதான். நர்ஸ்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. என்னைக் கண்டாலும் ஆகாது. என் வேலை இரண்டு பட்டியல் போடுவது. அது வீணாகக் கத்திய ஆட்கள் ஒரு பட்டியல். கத்தியிருக்க வேண்டியும் கத்தாமல் விட்ட ஆட்கள் இன்னொன்று. இரண்டாவது பட்டியல் சின்னது. அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை.

அந்தப் பட்டியலில் ஒரு வரி வந்தது. எழுபத்து மூன்று வயது ஆண். குடல் ஆபரேஷன். வீடு ரோவில் என்ற புறநகரில். பேசும் மொழி தமிழ்.

தமிழ் என்று பார்த்ததும் மற்ற வரிகளைவிட அதில் கூடுதல் நேரம் உட்கார்ந்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள். காலையில் எடுத்த இரத்தத்தில் வெள்ளை அணு எகிறியிருந்தது. ஒன்று ஆயிற்று. இன்னும் ஒன்றே ஒன்று எல்லை தாண்டினால் அலர்ட் கத்தியிருக்கும். ஆனால் காய்ச்சல் இல்லை: முப்பத்தேழு, முப்பத்தேழு புள்ளி ஒன்று, மறுபடி முப்பத்தேழு. நாடித்துடிப்பு ஏறவில்லை, அவர் பிரஷருக்கு எடுத்துவந்த மாத்திரை அதை ஏறவிடாது. மூச்சு நிமிடத்துக்குப் பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. சாயங்காலம் திடீரென்று இரத்த அழுத்தம் விழுந்த பிறகுதான் எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். வயிற்றுக்குள் தையல் விட்டு, சீழ் கட்டி, அது இரத்தத்தில் கலந்திருந்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்து இறந்துபோனார்.

வயிறு முழுக்கச் சீழ், காய்ச்சல் மட்டும் இல்லையா? வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சல் வராது என்றார் என் மேலாளர். வெள்ளைக்காரப் பெண்மணி, தன்மையானவர், குரலை உயர்த்தியே கேட்டதில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. எனக்கு எது மனசு ஒப்பாமல் போனாலும் அதை நோண்டி நோண்டிப் புண்ணாக்கிவிடுவேன், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி.

அதற்குள் அவருடைய மகளிடமிருந்து ஆஸ்பத்திரிக்குப் புகார் வந்திருந்தது. அப்பாவை அன்று முழுக்க ஏன் ஒருத்தரும் கவனிக்கவில்லை, இவ்வளவு செலவு செய்து வைத்திருக்கும் மெஷின் ஏன் கத்தவில்லை என்று. எங்கள் ஆய்வில் குடும்பங்களோடு பேசுவதும் ஒரு பகுதி. இறந்தவரின் மனைவி பேசச் சம்மதித்தார். ஆனால் போனில் வரும் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார். நீ தமிழ்தானே, நீயே பேசேன் என்றார் மேலாளர். அவர்கள் யாழ்ப்பாணத் தமிழ், நான் மதுரை, என்று இழுத்தேன். உள்ளுக்குள் எனக்குப் போக ஆசைதான்.

தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை. மேசையில் டிஷ்யூ பெட்டி. மகள் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அறுபத்தெட்டு வயது அம்மாள், சாம்பல் நிற கார்டிகன், மடியில் பெரிய கைப்பை. சம்மதப் படிவத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"பேர் வராதோ பிள்ளை?"

"வராது ஆன்ட்டி. சத்தியமா வராது."

கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மகள் இல்லாததும் நல்லதுக்குத்தான். உங்களிட்டச் சொல்லலாம்தானே? ஆரிட்டையாவது சொல்லாட்டில் எனக்கு விசர் பிடிச்சிடும்."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"அவருக்குக் காய்ச்சல் இருந்தது பிள்ளை. அதுக்கு முதல் நாளே இருந்தது. நெத்தியில கை வைச்சால் கொதிச்சது. நான்தான் பனடோல் குடுத்தனான்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"நேர்ஸ்மார் பத்து மணிக்கு ஒருக்கா, ரெண்டு மணிக்கு ஒருக்கா, ஆறு மணிக்கு ஒருக்கா வந்து காய்ச்சல் பாப்பினம். நான் அதுக்கு ஒரு மணித்தியாலம் முதல் ரெண்டு குளிசை குடுத்திடுவன். அவை வரேக்க உடம்பு குளிர்ந்திருக்கும். நேரம் தவறாமல் குடுத்தனான்."

"ஏன் ஆன்ட்டி?"

"காய்ச்சல் எண்டால் தனி அறையில போட்டிடுவினம் எல்லோ? என்ரை அண்ணையை அப்பிடித்தான் போட்டவை, கொரோனாவுக்குள்ள. பதினாறு நாள். ஒருத்தரையும் உள்ள விடேல்லை. கடைசி முகத்தை நாங்கள் போனிலதான் பாத்தது. இவர் அதைப் பாத்திட்டு எனக்குச் சொன்னவர், என்னை மட்டும் தனிய விட்டிடாதை எண்டு. அண்டைக்குக் காலமை டொக்டர் வந்து, காய்ச்சல் வராட்டில் நாளைக்கு வீட்ட போகலாம் எண்டும் சொல்லிப்போட்டார். நான் வேறை என்ன செய்ய?"

அவர் அழவில்லை. நான்தான் டிஷ்யூ எடுத்தேன்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த அறையில் எனக்குக் கண் கலங்கியது நிஜம். மாடிக்கு லிஃப்டில் ஏறும்போது நெஞ்சு குதித்ததும் நிஜம். கண்டுபிடித்துவிட்டேன்! சார்ட்டில் இல்லாத காரணம், எங்கள் ஆய்வைப் பார்வையிடும் கமிட்டியில் இருக்கும் பெரிய பெரிய டாக்டர்கள் யாருக்கும் எட்டாத காரணம், தமிழ் தெரிந்ததால் எனக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. அன்று மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுத் தட்டச்சு செய்தேன். ‘நோயாளியின் மனைவி, வார்டுக்குத் தெரியாமல், ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு மணி நேரம் முன்னால் பாராசிட்டமால் கொடுத்திருக்கிறார், காய்ச்சல் மறைக்கப்பட்டதால் அலர்ட் இயங்கவில்லை.’ இரண்டு வரி. எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெயர் போடவில்லை. படிவத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேனாம்.

அற்புதமான கண்டுபிடிப்பு என்றார் மேலாளர். கமிட்டியிலும் அதையே சொன்னார்கள். மெஷின்மேல் பழி இல்லை என்றதும் மெஷின் வாங்கியவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. அந்தக் கமிட்டியில் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவின் ஆளும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் அது. அதற்குப் பெயர் வேறு வேண்டுமா? அவர் நோட்டில் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பாராட்டு காதை அடைத்திருந்தது.

ஆறு வாரம் கழித்து என் மேசை போன் அடித்தது. சம்மதப் படிவத்தில் அந்த எண்தான் இருந்தது.

"பிள்ளை, நான் ரோவில்ல இருந்து கதைக்கிறன்."

"சொல்லுங்க ஆன்ட்டி, எப்படி இருக்கீங்க?"

"மகளுக்குக் கடிதம் வந்திருக்கு. நான் குளிசை குடுத்ததெல்லாம் அதில எழுதிக் கிடக்கு. வேலையால வந்தவள் நிண்டபடி வாசிச்சிட்டு, என்னைப் பாத்து, ‘உண்மையோ அம்மா?’ எண்டு கேட்டாள். ஓம் எண்டன். அவ்வளவுதான். மூண்டு கிழமையா என்னோட கதைக்கிறேல்லை."

கிழமை என்றால் அவர்களுக்கு வாரம். மூன்று வாரம்.

"நான் உங்களை நம்பித்தானே சொன்னனான்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வையுங்கோ பிள்ளை. அவள் வாற நேரம்."

கழிவறைக்குப் போய் அழுதேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு திரும்பி வந்து அந்தச் சார்ட்டை மறுபடி திறந்தேன். ஒரு காரணம் கையில் கிடைத்ததும் தேடுவதை நிறுத்தியிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. மதிப்பீடு செய்கிறவள் செய்யவே கூடாத தப்பு அது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்.

எண்களை விட்டுவிட்டு எழுத்துக் குறிப்புகளைப் படித்தேன். மெஷின் எழுத்துக் குறிப்பைப் படிக்காது. கட்டத்துக்குள் போடும் எண்ணை மட்டும்தான் படிக்கும். பகல் இரண்டரைக்குப் பிசியோதெரபிஸ்ட் அவரை நடக்கவைக்க வந்திருக்கிறார். ‘உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு. ஒரு நிமிடம் எண்ணினேன்: இருபத்தெட்டு. நடக்கவைக்கவில்லை. நர்ஸிடம் சொன்னேன்.’ அதற்கு அரைமணி முன்னால் கட்டத்தில் பதிந்திருந்தது பதினெட்டு. ஆறு மணிக்கும் பதினெட்டு.

பதினெட்டைப் பற்றி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மற்றதெல்லாம் கருவி காட்டிவிடும். மூச்சு மட்டும் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நின்று எண்ணவேண்டும். நிற்க நேரம் எங்கே இருக்கிறது? ஒரு தடவை கேன்டீனில் ஒரு நர்ஸ், நல்ல மனது உள்ளவர், "யார் எண்ணுறா? ஆளைப் பார்த்தா தெரியும், பதினெட்டுன்னு போட்டுட்டுப் போயிருவோம்" என்றார். மலையாளத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்தேன். என் அறிக்கையில்கூட ‘மூச்சு எண்ணிக்கை பல இடங்களில் உத்தேசமாக இருக்கலாம்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி எழுதிவைத்திருந்தேன். இந்த மனிதரின் சார்ட்டில் அதைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பனடோல் கிடைத்துவிட்டதே!

அந்த இருபத்தெட்டை யாராவது கட்டத்தில் போட்டிருந்தால் இரண்டாவது எல்லை தாண்டியிருக்கும். ஆயிரம் பனடோல் கொடுத்திருந்தாலும் அலர்ட் கத்தியிருக்கும். இரண்டரை மணிக்கே. இரத்த அழுத்தம் விழுவதற்கு நாலரை மணி நேரம் முன்னால்.

மேலாளரிடம் ஓடினேன். கடிதத்தைத் திருத்தி அனுப்பவேண்டும் என்றேன். அவர் வருத்தப்பட்டார், வருத்தப்படுவதில் அவருக்கு நிகர் கிடையாது. கடிதம் போய்விட்டது, அது நம் பிரிவு இல்லை, பதிவு செய்யும் முறையை மேம்படுத்தத் தனியாக ஒரு திட்டம் வரப்போகிறது, அதில் இதைச் சேர்க்கலாம் என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்றேன் ஆங்கிலத்தில். அழகான பழமொழி என்றார். கதவைச் சாத்திவிட்டு வந்தேன், கொஞ்சம் பலமாகவே.

சனிக்கிழமை, நான் குடியிருக்கும் டார்னெய்ட்டிலிருந்து ரோவிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனேன். சொல்லிவிட்டுப் போகவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள். சார்ட்டில் பார்த்த முகவரியைத் தனிக் காரியத்துக்கு எடுத்ததே வேலையைவிட்டுத் தூக்கப் போதுமான குற்றம். அது தெரிந்தேதான் எடுத்தேன்.

மகள்தான் கதவைத் திறந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதை ஒட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து என்றதும் முகம் இறுகிவிட்டது. அம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வாங்கோ பிள்ளை. கதிரையில இருங்கோ."

சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் சுற்றி வளைக்கத் தெரியாதவள். அந்தக் கடிதத்தில் இருக்கும் வரியை எழுதியது நான்தான் என்றேன். பெயர் வராது என்று சத்தியம் செய்ததையும் சொன்னேன். பிறகு பதினெட்டைச் சொன்னேன். பிசியோதெரபிஸ்ட் எண்ணிய இருபத்தெட்டைச் சொன்னேன். பனடோல் ஒரு கதவைத்தான் மூடியது, இன்னொரு கதவு திறந்தே இருந்தது, அதைச் சாத்தியது உங்கள் அம்மா இல்லை என்றேன்.

மகள் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஷுவரா? அம்மா குடுக்காட்டியும் இப்பிடித்தான் நடந்திருக்குமா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். காய்ச்சல் தெரிஞ்சிருந்தா அன்னைக்குக் காலையிலேயே கத்தியிருக்கும். பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் வரலை. ஆனா அவங்க குடுத்த பிறகும் உங்கப்பாவைக் காப்பாத்த வழி இருந்துச்சு. அதை உங்களுக்கு யாரும் சொல்லலை."

"ஓகே. இதை எழுதித் தாங்கோ."

"என்ன?"

"இப்ப சொன்னீங்களே, அதை. டேட் போட்டு, சைன் பண்ணி."

ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தேன். சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, மனசு லேசாகி வீட்டுக்குப் போகலாம் என்று வந்திருந்தேன். என் வேலை ஒப்பந்த வேலை, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். நோயாளியின் விவரத்தை வெளியே எழுதிக் கொடுத்தால் அதோடு தீர்ந்தது.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே," என்றேன்.

மகள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா சொன்னதை எழுதேக்க யோசிச்சனீங்களா?"

நியாயமான அறை, வாங்கிக்கொண்டேன். பேப்பர் கேட்டேன். பிரிண்டரிலிருந்து ஒரு தாளை உருவிக் கொண்டுவந்து வைத்தார். தேதி, மணி, யார் எண்ணியது, கட்டத்தில் என்ன இருந்தது, எண்ணியதைப் பதிந்திருந்தால் அலர்ட் எத்தனை மணிக்குக் கத்தியிருக்கும், எல்லாவற்றையும் எழுதினேன். நர்ஸின் பெயரை மட்டும் எழுதவில்லை. கேட்டார், முடியாது என்றேன். அந்த வார்டில் அன்று இரண்டு பேர் லீவு, அதை வேண்டுமானால் எழுதுகிறேன் என்று அதையும் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். பின்னால் அந்தத் தாளால் என் வேலை போயிற்று. அதைப் பற்றிப் புலம்ப எனக்கு வாய் இல்லை.

மகள் தாளைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். எழுந்து, அதைப் போனில் படம் பிடிக்க ஜன்னல் பக்கம் போனார். முதுகைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அதுவரை அம்மாள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, மூச்சு எண்ணுறதெண்டால் எப்பிடி எண்ணுறது? அதுக்கு மெஷின் வேணுமோ?"

"வேண்டாம் ஆன்ட்டி. நெஞ்சு ஏறி இறங்கினா ஒண்ணு. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"எத்தினைக்கு மேல போனால் கூடாது?"

"இருபதைத் தாண்டினாலே கூப்பிடணும்."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் நின்ற மகளின் முதுகைப் பார்த்தார்.

"காலமை எட்டு மணியில இருந்து நான் அவரைப் பாத்துக்கொண்டு பக்கத்திலதானே இருந்தனான் பிள்ளை. எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆராவது சொல்லியிருந்தால் முழுநாளும் எண்ணியிருப்பனே."